வேலை பார்த்துக்கிட்டே நர்சிங் படிக்கலாமாம்!

ஒரகடத்திலிருந்து படப்பை வரைக்கும் பஸ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தால் படிக்க நிறைய கிடைக்கும். கரண்ட் கம்பம், டீக்கடைச் சுவர், லேடீஸ் ஹாஸ்டல் கேட் என்று எல்லாவற்றிலும் நோட்டீஸ். வீட்டு மனை, பைனான்ஸ், ஆட்கள் தேவை... நடுவில் இப்படி ஒன்று: "வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் படிக்கலாம்! ஞாயிறு மட்டும் வகுப்பு! ஆறே மாதம்! வேலை உத்தரவாதம்!" கீழே ஒரு செல் நம்பர்.

மக்களே, இது பொய். கொஞ்சம் ஏற்றிச் சொன்ன விளம்பரம் என்றுகூட விட முடியாது. முழுப் பொய்.

ஆனால் நோட்டீஸ் ஒட்டியவனைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அவன் காசுக்காகச் சொல்கிற பொய்யை, நல்ல மனசோடு இலவசமாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். "மனசிருந்தா மார்க்கம் இருக்கு", "தெருவிளக்குல படிச்சு கலெக்டர் ஆகலையா", "வேலையும் பாரு, படிப்பும் படி, இளமையில கஷ்டப்படு" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள். பதிவு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பி.காம் படிக்கிறவனுக்கு நர்சிங் பற்றி என்ன கவலை என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் விடிகாலையில் நின்றால் கம்பெனி பஸ்களாகத்தான் கண்ணில் படும். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு அக்கா அதில் ஒன்றில் ஏறிப் போகிறார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது இவர்தான் ஆம்புலன்ஸ் ரூமுக்குத் தாங்கிக்கொண்டு போனாராம். அங்கே இருந்த நர்ஸ் பதறாமல் படுக்க வைத்து, பி.பி. பார்த்து, பேச்சுக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்ததைப் பார்த்ததிலிருந்து அக்காவுக்கு நர்சிங் மேல் ஆசை. "தம்பி, நீ காலேஜ் போறவன். வேலையை விடாம நர்சிங் படிக்க வழி இருக்கான்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். தேடிப் பார்த்தேன். தேடியதில் வந்த கோபம்தான் கீழே இருப்பது.

முதலில் சட்டம்

நம் நாட்டில் நர்ஸ் ஆக மூன்று வாசல்கள். ஏ.என்.எம் இரண்டு வருடம், ஜி.என்.எம் மூன்று வருடம், பி.எஸ்சி நர்சிங் நான்கு வருடம். மூன்றும் முழுநேரப் படிப்பு. தபாலில் கிடையாது, சாயங்கால காலேஜில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையில் கிடையாது. தொலைநிலைக் கல்வியில் நர்சிங் என்று இக்னோ நடத்தியது, ஏற்கெனவே டிப்ளமா முடித்து நர்ஸாகப் பதிவு செய்தவர்கள் பட்டம் வாங்குவதற்கான படிப்பு. புதிதாக நர்ஸ் ஆவதற்கு அது வழி இல்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்சி பாடத்திட்டத்தைப் பாருங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கையில் வாங்குவதற்குள் மருத்துவமனைப் பயிற்சியில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். கடைசி செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப், வாரம் 48 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 1,056 மணி நேரம்.

அப்புறம் அந்த ஆறு மாதச் சான்றிதழ்? லேமினேட் பண்ணி சுவரில் மாட்டலாம். தமிழ்நாட்டில் நர்ஸ் என்று வேலை பார்க்க, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். 1926-ம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த கவுன்சில் அது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஆறு மாதம் படித்தவர் பெயர் அதில் ஏறாது. ஏறாதவருக்கு சின்ன கிளினிக்கில் "உதவியாளர்" வேலை கிடைக்கலாம், சொற்பச் சம்பளத்தில். அரசு வேலை இல்லை, வெளிநாடு இல்லை, பெரிய மருத்துவமனை இல்லை. எனவே, யாராவது உங்கள் வீட்டில் பணம் கட்டப் போனால் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "படிச்சு முடிச்சா கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?" எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து நேரம்

சரி, ஒரு பேச்சுக்கு கல்லூரிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்கிறார்கள் என்றே வைப்போம். நாம் காமர்ஸ் ஆட்கள், கணக்குப் போடாமல் விடக்கூடாது.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஷிப்ட் 8 மணி, ஆறு நாள்: 48. கம்பெனி பஸ்சில் போக வர தினம் மூன்று மணி: 18. நர்சிங் வகுப்பும் வார்டும்: 40. கல்லூரிக்குப் போக வர: 10. மொத்தம் 116. மிச்சம் 52. நாளுக்கு ஏழரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் தூங்க வேண்டும், குளிக்க, சமைக்க, துணி துவைக்க வேண்டும், பரீட்சைக்குப் படிக்கவும் வேண்டும்.

"ஏழு மணி நேரம் இருக்கே, போதுமே!" என்று மேடைப் பேச்சாளர் சொல்வார். அவருக்கு ஷிப்ட் மாறுவது தெரியாது. இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு என்று ஷிப்ட் சுற்றும். கல்லூரியும் வார்டும் சுற்றாது. பேப்பரில் ஏழு மணி நேரம் ஒரே கட்டாக இருக்கிறது. உடம்புக்கு அது காலை ஒரு மணி, மதியம் இரண்டு மணி என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இதற்கே 8 மணி நேர ஷிப்ட் என்று கணக்கு வைத்தோம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தது நினைவிருக்கும்.

இன்னொன்று. அக்கவுண்டன்சியில் தூக்கக் கலக்கத்தில் டெபிட், கிரெடிட் மாறினால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாது. அடித்துத் திருத்திக்கொள்ளலாம். வார்டில் ஊசியின் அளவு மாறினால்? நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த பெண்ணின் கையில் உங்கள் அம்மாவுக்கு டிரிப்ஸ் போடும் வேலையைத் தருவீர்களா? நான் தரமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், "நர்சிங்குக்கும் நைட் காலேஜ் திறங்கள்" என்ற கோரிக்கை எனக்கு ஒப்புதல் இல்லை. முழுநேரம் என்ற விதி சரியான விதி. பி.காம் தபாலில் படிக்கலாம். நர்சிங் அப்படிப் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது.

அப்படியானால் கோபம் எதன் மேல்?

காசு

பணத்தின் மேல். சரியாகச் சொன்னால், முழுநேரம் வா என்று கூப்பிட்டுவிட்டு அந்த முழுநேரத்துக்கு யார் சோறு போடுவது என்று கேட்காமல் போவதன் மேல்.

பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படித்தோமே, அது இங்கே எப்படி வருகிறது பாருங்கள். கணக்குக்காக லைன் சம்பளம் மாதம் 15,000 என்று வைப்போம். பி.எஸ்சி நர்சிங் நாலு வருடம், 48 மாதம். இழக்கும் சம்பளம் 7,20,000 ரூபாய். ஜி.என்.எம் என்றால் மூன்று வருடம், 5,40,000. இது ஃபீஸ் சேர்க்காத கணக்கு. அதாவது அரசுக் கல்லூரியில் ஒரு பைசா வாங்காமல் சீட் கொடுத்தாலும், வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரு பெண்ணுக்கு அந்த "இலவச" சீட்டின் விலை ஏழு லட்சத்து இருபதாயிரம்.

புதுமைப் பெண் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய நல்ல திட்டம், மாதம் 1,000 ரூபாய். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு வருடத்துக்கு அது 48,000. இழப்பில் பதினைந்தில் ஒரு பங்கு. பள்ளியிலிருந்து நேரே கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு அது பஸ் காசு, புத்தகக் காசு. ஊரில் தம்பி படிப்புக்கும் அப்பா மருந்துக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது பற்றாது.

இப்போது உண்மையிலேயே வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன்.

இதே ஒரகடத்தில் ஒரு ஆலைக்குள் அப்ரண்டீஸாகப் போகிற பையனுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 1961-ம் வருட அப்ரண்டீஸ் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2019-ல் திருத்திய விதிகளில் குறைந்தபட்சத் தொகை மாதம் 5,000 முதல் 9,000 வரை என்று படிப்புக்குத் தக்கபடி வைத்தார்கள். 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில் அந்தத் தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசே கம்பெனிக்குத் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. ஸ்க்ரூ முடுக்கக் கற்றுக்கொள்பவருக்குச் சம்பளம், அதில் அரசின் பங்கும் உண்டு. நல்லது, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஊசி போடக் கற்றுக்கொள்பவர்? தனியார் கல்லூரியில் அவர் காசு கட்டுகிறார். காசும் கட்டிவிட்டு வார்டில் பெட் விரிக்கிறார், டெம்பரேச்சர் பார்க்கிறார், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார், நைட் டியூட்டியும் பார்க்கிறார். வேலை என்றால் இதுவும் வேலைதானே? அரசு நர்சிங் பள்ளிகளில் டிப்ளமா மாணவிகளுக்குச் சிறு உதவித்தொகை தரும் பழக்கம் உண்டு. அது கைச்செலவுக்கு ஆகும், குடும்பத்துக்கு ஆகாது.

ஆக, "வேலை பார்த்துக்கிட்டே நர்சிங் படி" என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நர்சிங் மாணவி ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டேதான் படிக்கிறாள். சம்பளம்தான் இல்லை.

இது ஒன்றும் நடக்காத கதை இல்லை

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பள்ளி திறந்தபோது, பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் கொடுத்து, வருடத்துக்குப் பத்து பவுன் கைச்செலவுக்கும் கொடுத்தார்கள். 160 வருடத்துக்கு முன்பே புரிந்த விஷயம் இது.

அதே இங்கிலாந்தில் 2017-ல் நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்திவிட்டு, கடன் வாங்கிப் படி என்றார்கள். என்ன ஆனது? விண்ணப்பங்கள் சரிந்தன. அதிலும் அதிகம் குறைந்தது, வயது கூடி, வேறு வேலையிலிருந்து நர்சிங்குக்கு வருபவர்கள்தான். 2020-ல் குறைந்தது வருடத்துக்கு 5,000 பவுன் என்று மறுபடி கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் அக்காவின் நிலைமையை ஒரு நாடே சோதித்துப் பார்த்துக் காட்டிவிட்டது. அங்கே சம்பளத்தோடு படிக்கும் நர்சிங் அப்ரண்டீஸ் படிப்பும் இருக்கிறது.

ஜெர்மனியில் இன்னும் தெளிவு. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி நர்சிங் பயிற்சி மூன்று வருடம், பாடம் 2,100 மணி நேரம், செய்முறை 2,500 மணி நேரம், பள்ளிக் கட்டணம் கிடையாது, முதல் மாதத்திலிருந்தே ஊதியம். பல இடங்களில் அது மாதம் ஆயிரம் யூரோவைத் தாண்டும். கவனியுங்கள், அங்கேயும் மணிக்கணக்கில் ஒரு தளர்வும் இல்லை. கூடுதலாகச் சோறு போடுகிறார்கள், அவ்வளவே. நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நம்மூர் நர்சுகளுக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்து அங்கே அனுப்புகிறது. அனுப்புகிற ஊரிலிருந்து பயிற்சி ஊதியம் என்ற அந்த ஒரு பழக்கத்தையும் இறக்குமதி செய்யலாமே?

"அரசுகிட்ட பணம் ஏது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் தங்க 18,720 படுக்கைகளோடு ஒரு பிரம்மாண்டமான விடுதியை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். தேவைதான். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கணக்கான பெண்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை அவர்கள் மறித்து உட்கார்ந்த ஊர் இது. தங்க நல்ல இடம் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களைக் கம்பெனிக்குப் பக்கத்தில் படுக்க வைக்கப் பணம் இருந்தால், அவர்களில் வருடத்துக்கு நூறு பேரைக் கம்பெனியை விட்டு வெளியே நர்ஸாகக் கொண்டுவரவும் பணம் இருக்கும்.

இன்னொரு பணமும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. லைனில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணின் சம்பளத்திலும் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார் (2019 ஜூலை முதல் இந்த விகிதம்). அந்த நிதியில் மருத்துவமனைகள் நடக்கின்றன, மருத்துவக் கல்லூரிகள் நடக்கின்றன, பெங்களூருவிலும் கலபுரகியிலும் நர்சிங் கல்லூரிகள் நடக்கின்றன. அந்தக் கல்லூரிகளில் இன்சூர் செய்யப்பட்ட தொழிலாளியின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பிள்ளைகளுக்கு! சந்தா கட்டும் தொழிலாளிக்கே இருபது வயது என்றால்? அந்த ஒதுக்கீட்டை எழுதியவர் மனதில் தொழிலாளி என்றால் நாற்பது வயது ஆண், காலேஜ் போக அவருக்கு ஒரு மகளோ மகனோ இருப்பார். எங்கள் ரோட்டில் பஸ் ஏறும் தொழிலாளியே காலேஜ் வயதில்தான் இருக்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

"படிச்சவங்களுக்கே வேலை இல்லையேப்பா"

இதுதான் கொஞ்சம் வலுவான எதிர்வாதம். மழுப்ப மாட்டேன். 2015-ல் தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்குத் தொடக்கச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்த ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31-ஓடு போகச் சொன்னார்கள். தனியார் மருத்துவமனைச் சம்பளம் மோசம் என்று வழக்குப் போய், 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, சின்ன மருத்துவமனைகளில்கூட மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். சட்டம் இல்லை.

பிறகு எதற்கு அந்த அக்கா லைனை விட்டுவிட்டு இங்கே வர வேண்டும்? காரணம் வயது. போன் கம்பெனி லைனில் நாற்பது வயதுப் பெண்ணைத் தேடிப் பாருங்கள். கல்யாணம் ஆனாலே எடுப்பதில்லை என்று 2024-ல் செய்தியாகி, மத்திய அரசு விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனதைப் பார்த்தோம். கம்பெனியே போய்விடவும் கூடும். 2006-ல் ஊரே கொண்டாடத் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் மூடியது. கையில் எட்டு வருட அனுபவத்தோடு வெளியே வந்த பெண்களின் அந்த அனுபவத்தை அடுத்த கேட்டில் யாரும் சல்லிக் காசுக்கு மதிக்கவில்லை. நர்சுக்கு அப்படி இல்லை. மருத்துவமனை மூடினாலும் கவுன்சிலில் பதிவான பெயர் மூடாது. ஐம்பது வயது நர்சுக்கு மதிப்பு கூடும். சம்பளம் போதாது என்பது சம்பளத்தை உயர்த்தச் சொல்வதற்கான வாதம். கதவைச் சாத்துவதற்கான வாதம் இல்லை.

என்னதான் வேண்டும் என்கிறாய்?

மூன்று விஷயம். பெரிய புரட்சி எல்லாம் இல்லை.

ஒன்று, அங்கீகாரம் பெற்ற நர்சிங் பள்ளி, கல்லூரிகளின் வார்டு பயிற்சியை வேலையாக ஏற்று, ஆலை அப்ரண்டீஸுக்குத் தரும் குறைந்தபட்சத் தொகையாவது மாதாமாதம் கொடுக்க வேண்டும். மருத்துவமனை பாதி, அரசு பாதி போடட்டும்.

இரண்டு, இ.எஸ்.ஐ ஒதுக்கீட்டில் "இன்சூர் செய்யப்பட்டவரின் பிள்ளை" என்பதோடு "இன்சூர் செய்யப்பட்டவர்" என்பதையும் சேர்க்க வேண்டும். சில வருடம் சந்தா கட்டியவர் என்று நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இந்த ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலேயே அரசு ஒரு நர்சிங் பள்ளி தொடங்கி, ஆலை வேலையிலிருந்து வருபவர்களுக்கு அதில் பாதி இடம் வைக்க வேண்டும். ப்ளஸ் டூ-வில் எந்த குரூப் என்ற பயமும் வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏ.என்.எம் தகுதிப் பட்டியலில் அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கே இடம் உண்டு (நம்ம ஆட்கள் கவனிக்க :-) ).

அதுவரைக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பெண்களிடம் விடாமுயற்சி பற்றிப் பேசாதீர்கள். விடிகாலையில் எழுந்து பஸ் பிடித்து, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்து, வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிறவர்களுக்கு நீங்களும் நானும் அதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அக்காவிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "வேலையை விடாம படிக்க வழி இல்லக்கா. உன்மேல தப்பு எதுவும் இல்ல. வழி போடல, அவ்ளோதான்." வழி போடச் சொல்லிக் கேட்க வேண்டியது அவர் ஒருவர் மட்டும் இல்லை.